பார்வையின் தடம்: கண்ணசைவைப் படமாக வரைந்த கதை

ஒரு வரியைப் படிக்கும்போது கண் அந்த வரியின் மேல் தண்டவாளத்தில் ரயில் போவதுபோலச் சீராக நகர்கிறது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். உண்மை அப்படியில்லை. கண் தவளை மாதிரித் தாவுகிறது. ஓர் இடத்தில் கால் நொடி அளவுக்கு நிற்கும், பிறகு சட்டென்று அடுத்த இடத்துக்குப் பாயும். நொடிக்கு மூன்று நான்கு தாவல்கள். தாவும் அந்தச் சிறு நேரத்தில் ஏறக்குறைய எதுவுமே தெரிவதில்லை, ஆனால் அந்த இடைவெளியை யாரும் உணர்வதுமில்லை. நம்பாதவர்கள் கண்ணாடிக்கு முன் நின்று இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். தன் கண் அசைவதை எவராலும் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் அது பளிச்சென்று தெரியும்!

கண் ஏன் இப்படி அலைகிறது? விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்ற சிறு குழிவான பகுதியில்தான் கூர்மையான பார்வை இருக்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ ஏறக்குறைய அவ்வளவுதான் ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரியும். மற்றதெல்லாம் மங்கல். எனவே ஒரு படத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நகம் அளவு வெளிச்சத்தைப் படம் முழுக்க நகர்த்தியாக வேண்டும்.

ஆக, கண் எங்கே போனது என்பது கண்ணுக்குச் சொந்தக்காரருக்கே தெரியாத விஷயம். வேறு யாராவது பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால் கிடைப்பதோ வெறும் எண்கள். நொடிக்கு 1000 தடவை அளக்கும் கருவி மூன்றே நிமிடத்தில் 1,80,000 புள்ளிகளைக் கொட்டும். அந்தக் குவியலை யாராலும் படித்துப் புரிந்துகொள்ள முடியாது, வரைந்துதான் பார்க்க வேண்டும். கண்ணசைவுப் பதிவு என்ற துறையும் தரவுகளைக் காட்சியாக்கும் கலையும் முதலிலிருந்தே ஒட்டிப் பிறந்தவை என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆனால் முதல் பதிவு படமல்ல, சத்தம்! 1870களின் இறுதியில் பாரிஸில் லூயி எமில் ஜவால் என்ற கண் மருத்துவர் படிப்பதில் கண்ணின் பங்கு பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய சோதனைக்கூடத்தில் லமார் என்பவர் கண்ணிமையின் மேல் ஒரு சிறு கருவியை வைத்து, அதிலிருந்து குழாய் வழியாகக் காதுக்கு ஒலியைக் கொண்டுவந்து, ஒரு வரியைப் படிக்க எத்தனை ‘டக்’ கேட்கிறது என்று எண்ணினார். அதே காலத்தில், 1879இல், ஜெர்மன் உடலியல் அறிஞர் ஏவால்ட் ஹேரிங்கும் தனியாக இதே போன்ற வழியில் அதையே கண்டார். ஜவால்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று பல புத்தகங்களில் இருக்கும், ஆனால் அளந்த கை லமாருடையது. ஆய்வுக்கூடத் தலைவர் பெயர் நிற்பதும் உதவியாளர் பெயர் மறைவதும் அன்றும் உண்டு போலும். வாழ்நாள் முழுதும் கண்ணை ஆராய்ந்த ஜவால் கிளாக்கோமா நோயால் பார்வையை முற்றிலும் இழந்தார் என்பதும், அதன் பிறகு பார்வையற்றோருக்காக ஒரு புத்தகமே எழுதினார் என்பதும் இங்கே குறிப்பிட வேண்டிய செய்தி.

அடுத்த கட்டம் கேட்கவே கொஞ்சம் பயங்கரமானது. 1898இல் அமெரிக்காவில் எட்மண்ட் டெலபார், எட்மண்ட் ஹியூயி என்ற இருவர் (பெயர் ஒற்றுமை தற்செயல்தான்) பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த சிறு கிண்ணத்தைக் கண்மணியின் மேலேயே ஒட்டவைத்தார்கள். பார்ப்பதற்கு நடுவில் ஒரு ஓட்டை. வலி தெரியாமல் இருக்கக் கொக்கெய்ன் சொட்டு. 1884இல்தான் அது கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். டெலபார் தன் கண்ணிலேயே சோதித்துப் பார்த்தார். ஹியூயியின் கருவியில் கிண்ணத்தோடு இணைந்த மெல்லிய அலுமினிய முள், புகைக்கரி பூசிய காகிதம் சுற்றிய உருளையின் மேல் கோடு இழுக்கும். சம இடைவெளியில் மின்பொறி பாய்ந்து கரியில் புள்ளி வைக்கும். புள்ளிகள் நெருங்கியிருந்தால் கண் அங்கே நின்றது, விலகியிருந்தால் பாய்ந்தது. கண் நின்றதையும் பாய்ந்ததையும் அப்படியே வரைந்து காட்டிய முதல் படங்களில் இது ஒன்று. அதில் அளக்கும் கருவியும் வரையும் கருவியும் ஒன்றேதான்.

நல்லவேளையாக 1901இல் ரேமண்ட் டாட்ஜ், தாமஸ் கிளைன் இருவரும் கண்ணைத் தொடாமலே பதிவு செய்யும் வழியைக் கண்டார்கள். கருவிழியின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை, மெதுவாகக் கீழிறங்கும் புகைப்படத் தகட்டில் பிடித்தார்கள். இன்றைய கருவிகளில் பலவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வைத்து இதே தத்துவத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

புகைப்படம் வந்ததும் ஒரு பழைய நம்பிக்கை உடைந்தது. வளைகோடுகள் ஏன் அழகாக இருக்கின்றன? கண் அவற்றின் மேல் இதமாக வழுக்கிச் செல்வதால்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்லிவந்தார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் 1902இல் வளைகோடுகளைப் பார்ப்பவர்களின் கண்ணைப் படமெடுத்தார். படத்தில் வளைவே இல்லை. கோணல்மாணலாக, தாவித் தாவி, கோட்டை விட்டு விலகியும் போயிருந்தது கண். கோடு அழகு, ஆனால் அதைப் பார்த்த கண்ணின் பாதை அசிங்கம்! பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்ட ஓர் அழகியல் கொள்கைக்குச் சில புகைப்படங்கள் போதுமானதாக இருந்தன.

சிகாகோவின் கய் தாமஸ் பஸ்வெல்தான் இந்தக் கதையில் நியாயமாகக் கிடைக்க வேண்டிய புகழ் கிடைக்காதவர். 1935இல் ‘மக்கள் படங்களை எப்படிப் பார்க்கிறார்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். சுமார் 200 பேர், 55 படங்கள், ஏறக்குறைய இரண்டாயிரம் பதிவுகள். கணினி என்ற ஒன்றே இல்லாத காலத்தில் ஃபிலிமில் இருந்த ஒவ்வொரு நிலைப்பையும் கையால் எடுத்துப் படத்தின் மேல் குறித்தார்கள். ஒருவருடைய கண் போன வழியை எண்ணிட்ட புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்தது ஒரு வகை. பலருடைய நிலைப்புகளையும் ஒரே படத்தின் மேல் கொட்டி எங்கே அடர்த்தி, எங்கே வெறுமை என்று காட்டியது இன்னொரு வகை. ஹோகுசாயின் புகழ்பெற்ற அலை ஓவியத்துக்கும் இப்படி ஒரு அடர்த்திப் படம் உண்டு. இன்று இணையதள வடிவமைப்பாளர்கள் காட்டும் இரண்டு முக்கியமான படவகைகளும், பார்வைத்தடமும் ஹீட் மேப்பும், கருப்பு வெள்ளையில் அங்கேயே இருக்கின்றன.

இன்னொன்றும் செய்தார். சிகாகோவின் டிரிப்யூன் கோபுரப் படத்தை முதலில் சும்மா பார்க்கச் சொன்னார். பிறகு, ஏதாவது ஜன்னலில் ஆள் எட்டிப் பார்க்கிறாரா என்று தேடச் சொன்னார். படம் அதேதான், கண் போன வழி முற்றிலும் வேறு. என்ன கேள்வியோடு பார்க்கிறோம் என்பது கண்ணின் பாதையை மாற்றுகிறது என்ற இந்த முடிவுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் வேறொருவர் பெயர் சூட்டப்படப் போகிறது.

அதற்கு முன் விமானிகள். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்க விமானப்படைக்காக உளவியலாளர் பால் ஃபிட்ஸும் அவருடைய குழுவினரும், தரையைப் பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பித் தரையிறங்கும் விமானிகள் எந்தக் கருவியைப் பார்க்கிறார்கள் என்று படமெடுத்தார்கள். காக்பிட்டில் ஒரு கண்ணாடி, ஒரு சினிமா கேமரா, 40 விமானிகள். பிறகு ஃபிரேம் ஃபிரேமாக உட்கார்ந்து எண்ணினார்கள். 1950இல் வெளியான அவர்களது படம் எளிமையானது. கருவிகளுக்கு வட்டங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பார்வை தாவும்போதெல்லாம் அவற்றை இணைக்கும் கோடு; தாவல்கள் அதிகமானால் கோட்டின் தடிமனும் அதிகம். தடித்த கோடு நீளமாக இருந்தால் அந்த இரண்டு கருவிகளும் தப்பான இடத்தில் இருக்கின்றன என்று பொருள். அடிக்கடி மாறி மாறிப் பார்க்க வேண்டியவை பக்கத்தில் இருக்க வேண்டாமா? அதுவரை தவறு நடந்தால் விமானியைக் குறை சொல்வதுதான் வழக்கம். இந்தப் படம் பலகையைக் குறை சொன்னது. உயிர் சம்பந்தப்பட்ட ஒரு இடத்தில் கண்ணசைவின் படம் நேரடியாகப் பயன்பட்ட முதல் சம்பவங்களில் இது ஒன்று. அலங்காரம் எதுவும் இல்லாத அந்தப் படம் பிற்கால வண்ணப் படங்கள் பலவற்றையும்விட அதிகம் சொல்கிறது.

இனி மாஸ்கோவுக்கு வரலாம். ஆல்ஃபிரெட் யார்பஸ் சோவியத் நாட்டின் ஆய்வாளர். அவருடைய நூல் 1965இல் ரஷ்ய மொழியிலும் 1967இல் ஆங்கிலத்திலும் வந்தது. அவர் பயன்படுத்தியது கண்ணின் மேல் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்னத் தொப்பி. அதில் ஒட்டிய குட்டிக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி புகைப்படத்தாளில் கோடு வரையும். பார்ப்பவரின் இமைகளைப் பிளாஸ்திரி போட்டு விரித்து வைப்பார்கள், இமைக்க முடியாது. அதனால் ஒரு சில நிமிடங்களுக்கு மேல் சோதனையை நீட்டவும் முடியாது.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட ஓவியம் இலியா ரெபினுடையது. அரசியல் காரணத்துக்காக நாடு கடத்தப்பட்ட ஒருவர் பல காலத்துக்குப் பிறகு, சொல்லாமல் கொள்ளாமல், வீட்டுக்குள் நுழைகிறார். தாய் நாற்காலியிலிருந்து பாதி எழுகிறாள், குழந்தைகள் விழிக்கிறார்கள். இந்தப் படத்தை யார்பஸ் ஒரே ஆளுக்கு ஏழு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் காட்டினார். முதலில் சும்மா பார்க்கச் சொன்னார். பிறகு குடும்பத்தின் வசதியை ஊகிக்கச் சொன்னார். வயதைச் சொல்லச் சொன்னார். அவர் வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டார். உடைகளை நினைவில் வைக்கச் சொன்னார். ஆட்களும் பொருட்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று நினைவில் வைக்கச் சொன்னார். கடைசியாக, வந்தவர் எவ்வளவு காலம் வீட்டைப் பிரிந்திருந்தார் என்று கேட்டார். ஏழு கேள்விக்கும் ஏழு கோட்டுப் பின்னல்கள். வயதைக் கேட்டபோது கோடுகள் முகங்களில் மொய்க்கின்றன. கடைசிக் கேள்விக்கு, வந்தவரின் முகத்துக்கும் வீட்டார் முகங்களுக்கும் இடையே தறியில் நாடா ஓடுவதுபோல ஓடுகின்றன. பார்த்த மாத்திரத்தில் ‘இது ஒரு மனம் யோசிக்கும் படம்’ என்று தோன்றிவிடும். உளவியல் பாடப்புத்தகங்களில் இந்த ஏழு படங்களும் அச்சாகாத ஆண்டே இல்லை எனலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பஸ்வெல் சொன்னதுதானே என்று கேட்டால், ஆமாம். யார்பஸின் படங்கள் அழகாக இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த அழகிலேயே சிக்கலும் இருக்கிறது. ஏழு படங்களும் ஒரே ஒருவரின் கண்ணிலிருந்து வந்தவை. படத்தில் தெரியும் வித்தியாசம் எல்லோருக்கும் பொருந்துமா? கண் போன வழியை மட்டும் கொடுத்தால் அவரிடம் என்ன கேள்வி கேட்கப்பட்டது என்று சொல்ல முடியுமா? 2012இல் கிரீன், லியு, வோல்ஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைக் கணினிக்குத் தேர்வாக வைத்தார்கள். மொத்தம் நான்கு வகைப் பணிகள், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 25 சதவிகிதம் சரியாகிவிடும். கணினி அதைத் தாண்டிப் போகவில்லை. பார்வைத்தடங்களை மனிதர்களிடம் காட்டிக் கேட்டார்கள், அவர்களாலும் முடியவில்லை. அரை நூற்றாண்டாக ‘பார்த்தாலே தெரிகிறது’ என்று எல்லோரும் சொன்ன விஷயம்! 2014இல் போர்ஜியும் இட்டியும் அதே தரவை வேறு முறையில் ஆராய்ந்து, தற்செயலைவிடக் கொஞ்சம் மேலாகக் கணிக்க முடியும் என்று காட்டினார்கள். ஆக யார்பஸ் சொன்னது தவறல்ல. ஆனால் அவர் படங்கள் காட்டிய அளவுக்கு அது தெளிவானதும் அல்ல. ஒரு நல்ல படம் தன் தரவைவிட உரக்கப் பேசிவிடும்.

1971இல் நோட்டன், ஸ்டார்க் இருவரும் பார்வைத்தடம் என்ற கருத்துக்கு ஒரு கோட்பாடே தந்தார்கள். 1980இல் ஜஸ்ட், கார்பென்டர் இருவரும் படிக்கும்போது கண் எங்கே நிற்கிறதோ மனமும் அங்கேயே நிற்கிறது என்ற கருதுகோளை முன்வைத்தார்கள். இந்தக் கருதுகோளின் தோளில்தான் பின்னால் வந்த வியாபாரம் எல்லாம் ஏறி நின்றது.

2000ஆம் ஆண்டு வாக்கில் லண்டன் நேஷனல் கேலரியில் நடந்த ஒரு கண்காட்சியில், வந்தவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவியை வைத்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். இவ்வளவு பேரின் கோடுகளை ஒரே படத்தில் வரைந்தால் நூல்கண்டு சிக்கியதுபோல ஆகிவிடும். எனவே டேவிட் வுடிங் ஒவ்வொரு நிலைப்பையும் ஒரு சிறு மண்மேடாகக் கருதி, மேடுகளைக் கூட்டி ஒரு நிலப்பரப்பாக்கினார். அதிகம் பார்த்த இடம் மலை, பார்க்காத இடம் பள்ளம். 2002இல் வெளியான அவருடைய இந்த முறைக்கு வண்ணம் பூசினால் அதுதான் இன்று எல்லோருக்கும் தெரிந்த ஹீட் மேப்.

பிறகு என்ன, வலைத்தளங்கள் பெருகிய காலம். 2006இல் யாக்கோப் நீல்சன் 232 பேரிடம் நடத்திய ஆய்வில், இணையப் பக்கத்தை மக்கள் ஆங்கில ‘எஃப்’ எழுத்து வடிவத்தில் மேய்கிறார்கள் என்று சிவப்பு மஞ்சள் படங்களோடு அறிவித்தார். விளம்பரக்காரர்களும் வடிவமைப்பாளர்களும் அதை வேதமாக எடுத்துக்கொண்டார்கள். சிவப்பாக இருக்கும் இடத்தில் விளம்பரத்தை வை, முடிந்தது வேலை! ஆனால் சிவப்பு என்றால் என்ன? பிடித்துப் பார்த்தார்களா, புரியாமல் திணறிப் பார்த்தார்களா? பத்துப் பேர் ஒருமுறை பார்த்தார்களா, ஒரே ஆள் பத்துமுறை பார்த்தாரா? எது முதலில், எது பிறகு? ஹீட் மேப் இதில் எதையும் சொல்லாது. நிலைப்புகளின் எண்ணிக்கையை வைத்து வரைந்தால் ஒரு படம், நேரத்தை வைத்து வரைந்தால் வேறு படம். அக்னியெஷ்கா போய்கோ 2009இல் எழுதிய ஒரு கட்டுரையில் இவற்றையெல்லாம் வரிசையாகப் போட்டு உடைத்தார். வானவில் வண்ணங்களே தரவைக் காட்ட உதவாதவை, இல்லாத எல்லைக்கோடுகளைக் கண்ணுக்குக் காட்டுபவை என்று போர்லண்டும் டெய்லரும் 2007இலேயே எச்சரித்திருந்தார்கள். யார் கேட்டார்கள்?

இதற்கிடையே ஒரு சுவாரசியமான திருப்பம். கண்ணசைவைப் படமாக வரைந்தவர்கள் போய், படங்களை மதிப்பிடக் கண்ணசைவைப் பயன்படுத்துபவர்கள் வந்தார்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகம் இதில் முக்கியமான இடம். 2011இல் மிகாயேல் புர்ச்சும் குழுவினரும் கிளைகள் விரியும் மர வரைபடங்களை மூன்று விதமாக வரைந்து மக்களிடம் காட்டினார்கள். வட்டமாக விரியும் மரம் பார்க்க அழகு. ஆனால் அதில் விடை கண்டுபிடிக்க அதிக நேரமானது. ஏன் என்பதைக் கடிகாரம் சொல்லாது, கண்தான் சொன்னது. விடையைக் கண்டுபிடித்த பிறகும் மக்கள் நம்பிக்கையில்லாமல் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். பிறகு மெட்ரோ ரயில் வரைபடங்களையும் இதே போலச் சோதித்தார்கள். இதில் சேர்ந்த தரவு பெரிதாகப் பெரிதாக, அதைக் காட்ட நேரத்தை மூன்றாவது அச்சாக நிறுத்தும் கனசதுரம், ஆறுபோல ஓடும் படம் என்று புதுப்புது வடிவங்கள் வந்தன. 2015இல் இந்த இரண்டு துறையினருக்கும் பொதுவாக ஒரு பயிலரங்கே சிகாகோவில் தொடங்கியது. பஸ்வெலின் ஊர் என்பது தற்செயல்.

அதே சமயத்தில் மிஷல் போர்கின் குழுவினர் 393 காட்சிப்படங்களை 33 பேரிடம், ஒவ்வொன்றையும் 10 நொடி காட்டினார்கள். மக்கள் கண் அதிகம் போனது தலைப்புக்கும் எழுத்துக்கும். பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னபோதும் தலைப்பில் இருந்ததைத்தான் எழுதினார்கள். கோடுகளுக்கும் கட்டங்களுக்கும் மணிக்கணக்கில் உழைத்துவிட்டுத் தலைப்பை அவசரமாகத் தட்டிவிடுபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

இவ்வளவையும் விடக் கடினமான சோதனை மருத்துவத்தில் நடந்தது. நுரையீரல் சி.டி. ஸ்கேன் என்பது ஒரு படமல்ல, நூற்றுக்கணக்கான துண்டுப் படங்களின் அடுக்கு. ஆழமும் ஒரு திசை. டிராஃப்டன் ட்ரூ, ஜெரமி வோல்ஃப் முதலானோர் 24 கதிரியக்க மருத்துவர்களின் கண்ணைப் பதிவு செய்து, நேரத்தைக் கிடைக்கோட்டிலும் ஆழத்தைக் குத்துக்கோட்டிலும் வைத்து, நுரையீரலின் எந்தப் பகுதியைப் பார்த்தார்கள் என்பதற்கு வண்ணம் கொடுத்து வரைந்தார்கள். உடனே இரண்டு கூட்டம் பிரிந்தது. சிலர் ஒவ்வொரு துண்டையும் முழுக்க மேய்ந்துவிட்டு அடுத்ததுக்குப் போனார்கள். மற்றவர்கள் நுரையீரலின் ஒரு பகுதியில் கண்ணை நிறுத்தி, மேலிருந்து கீழாகத் துளைபோட்டுக்கொண்டு போனார்கள். துளைபோட்டவர்கள் அதிகக் கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். தாங்கள் எந்த வகை என்று அந்த மருத்துவர்களே சொல்லத் தேவைப்படவில்லை. படம் சொல்லிவிட்டது.

அதே 2013இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு சோதனையில், கடைசி ஸ்கேனின் சில துண்டுகளில் ஒரு கொரில்லாவின் படத்தைச் செருகி வைத்தார்கள். சராசரிக் கட்டியைப்போல 48 மடங்கு பெரிய கொரில்லா. 24 மருத்துவர்களில் 20 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. அவர்கள் தேடியது கட்டியை. கண்ணசைவுப் பதிவை எடுத்துப் பார்த்தபோது அந்த 20 பேரில் 12 பேருடைய பார்வை கொரில்லா இருந்த இடத்திலேயே நேராக விழுந்திருந்தது. அவர்களுடைய பதிவை ஹீட் மேப்பாக வரைந்தால் அந்த இடத்திலும் வண்ணம் விழுந்துதான் இருக்கும்.